நான்கு வினாடி

மூக்கையூரில் எங்கள் மைதானத்துக்கு மூன்று கோடுதான்.
நாலாவது கடல்.
இடது பக்கம் ஆட யாருக்கும் பிடிக்காது.
கால்சட்டை நனையும், சிப்பி கீறும்,
பந்து உப்பில் ஊறி எடை கூடும்.
கடைசியாகச் சேர்ந்தவன் நான்,
அதனால் இடது பின்களம்.
திறமை என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதியது
பிற்பாடு.

ஏற்றத்தில் மைதானம் குறுகும்,
வற்றத்தில் அகலும்.
ஆட்டம் முடிவதற்குள்
வெளியே என்பது உள்ளே ஆகிவிடும்.
கச்சான் வீசும் மாதங்களில்
ஓங்கி அடித்த பந்து
உயரத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு
வேறு ஆளிடம் போகும்.

கோவாவில் முதல் ஒப்பந்தம்.
பயிற்சியாளர் கேட்டார், இந்தியில்:
எதற்கு அடிக்கடி கோட்டைப் பார்க்கிறாய்?
நகர்ந்திருக்குமோ என்று பார்க்கிறேன்,
இதைச் சொல்ல
என்னிடம் இருந்த இந்தி போதவில்லை.
சுண்ணாம்புக் கோடு அது. நகராது.
ஆனாலும் கழுத்து திரும்பும்,
பதினோரு பருவம் திரும்பியது.

மூன்று கிளப்.
இரண்டு முறை சம்பளம் நிலுவை.
ஒரு காசோலை பணமில்லாமல் திரும்பி வந்தது,
இன்னும் வைத்திருக்கிறேன்,
கையெழுத்து அவ்வளவு அழகு.
மொத்தம் இரண்டு கோல்.
ஒன்று எங்கள் வலைக்குள்.
முழங்கால் போனபோது பெரிய சத்தம் ஒன்றும் இல்லை,
வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற சத்தம்.
பக்கத்தில் ஓடியவனுக்குக்கூடக் கேட்கவில்லை.

இப்போது சென்னையில் கண்ணாடி மேசை.
காற்று ஒரே திசையில், கூரையிலிருந்து.
முகத்துக்கு மாவு பூசும் அமுதினி சொல்வாள்:
"கடக்கரைத் தோலு சார், ஒரு கோட்டிங்ல நிக்காது."
காதுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான்,
சிரி என்பான், முடி என்பான்,
அவன் முகம் நான் பார்த்ததில்லை.

திரையில் என் பெயர் ஓடும்:
தொபியாஸ், முன்னாள் வீரர்.
தங்கை மிக்கேலம்மாள் முதல் நாளே போன் செய்தாள்:
"முன் ஆள்னு போட்டிருக்கானே,
உன்னைய முன்வரிசைக்கு மாத்திட்டாங்களா?"
ஆமாம் என்றேன்.
இத்தனை வருஷம் கழித்து.

போன சனிக்கிழமை, எண்பத்தெட்டாவது நிமிடம்.
தற்காப்பு வரிசை மூன்று பேராய் முன்னேற
இடது ஓரத்துப் பையன் மட்டும் ஒரு அடி பின்தங்கினான்.
பத்தொன்பது வயது, மணிப்பூர்.
ஆஃப்சைடு ஆகவேண்டியது ஆகவில்லை.
கோல்.

மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள், மூன்று முறை.
மூன்று முறையும்
பந்து புறப்படுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பு
அவன் கழுத்து கோட்டுப் பக்கம் திரும்பியது.
வேறு யாருக்கும் அது தெரியவில்லை.
அவன் எந்தக் கடலில் ஆடி வளர்ந்தான்?
அங்கே கடலே கிடையாதே.
ஏரியாக இருக்கலாம். வயலாக இருக்கலாம்,
வரப்பும் நகரக்கூடியதுதான்.

"மன்னிக்க முடியாத தவறு இல்லையா, தொபியாஸ்?"
தொகுப்பாளர் என் பக்கம் திரும்பினார்.
சிவப்பு விளக்கு என்மேல்.
ஆமாம், கவனக்குறைவு:
இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் எனக்குச் சம்பளம்.
வரவில்லை.
காதுக்குள் இருந்தவன் கத்தினான்,
பேசுங்க, சார், பேசுங்க, ஐயோ பேசுங்க.

"கோடு நகர்ந்திருக்கும்" என்றேன்.
தொகுப்பாளர் சிரித்தார், நகைச்சுவை என்று நினைத்து.
விளம்பரம் போட்டார்கள், ஏதோ சிமென்ட்.

நான்கு வினாடி மௌனம் என்றார்கள்,
அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள்,
இனி நடக்கக்கூடாதாம்.

ஊரில் அது வேறு மாதிரி நடந்திருக்கிறது.
துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் முப்பது பேர் பார்த்திருக்கிறார்கள்.
சத்தம் நின்றதும்
டிஷ்தான் திரும்பிக்கொண்டது என்று
கஸ்பார் தகரக் கூரைமேல் ஏறிவிட்டான்,
இருட்டில், வாடைக் காற்றில்,
மீன் செதில் ஒட்டிய கையோடு.
அவன் அதைத் தொடுவதற்குள்
சிமென்ட் விளம்பரம் கீழே பாட ஆரம்பித்துவிட்டது.

தான்தான் சரிசெய்தேன் என்று
இன்னமும் சொல்லித் திரிகிறானாம்.