செட்டில்டு

சத்துவாச்சாரி கிளையில் ஏ.சி. ஓடவில்லை.
மேலாளர் திரையை என் பக்கம் திருப்பினார்.
செட்டில்டு.

ஊரில் அந்தச் சொல்லுக்கு மாலை போடுவார்கள்.
"பையன் செட்டில் ஆயிட்டானா?"
என்று கேட்டுத்தான்
மரகதவல்லியைக் கொடுத்தார்கள்.

ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி
ஷட்டரை இறக்கிய வருடம்
ஒரு லட்சத்து எண்பதுக்குத் தொண்ணூறு வாங்கிக்கொண்டு
கணக்கு தீர்ந்தது என்றது ஒரு கடிதம்.
லேமினேட் போட்டு வைத்திருந்தேன் அதை.

"தீரலை சார். விட்டுக்கொடுத்திருக்காங்க.
அது வேற, இது வேற."

விட்ட தொண்ணூறைக் கட்ட
காட்பாடிக்கும் சென்னைக்குமாக அலைந்தேன்.
வாங்கிக்கொள்ள ஆளில்லை.
யாரும் கேட்காத பணத்தைத் துரத்திக்கொண்டு போகிறவன்
கொடுத்த கடன்காரனா, வாங்கிய கடன்காரனா,
ரயிலில் எனக்கே குழப்பமாக இருந்தது.

பதினாலு மாதம் கழித்து
அரை சதவீதம் கூடுதலாக வீட்டுக்கடன்.
அவள் முதல் பெயர், நான் இரண்டாவது.
இருபது வருடம்.

முப்பத்தோராவது கையெழுத்தில் கேட்டேன்:
இப்போ என்ன காட்டுது சார்?
"குளோஸ்டு."

வெளியே நூற்றெட்டு டிகிரி.
ஒரு கரும்புச்சாறு, இரண்டு டம்ளர்.
ஐஸ் வேண்டாம் என்றாள் மரகதவல்லி,
சாறு கொஞ்சம் கூட வரும்.