நீறு பூத்தது

தார்த்து நகரத்து மரவீடு. பிப்ரவரி.
கணப்படுப்பின் வாயில் சிந்திய சாம்பலை
வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினான் ஹெல்துர்.
"நேற்றைய சாம்பல்தானே" என்றான்
யாரிடமும் சொல்லாததுபோல்.
மாரிகாவும் அவனும் பேசி
ஆறு நாள் ஆகியிருந்தது.

ஒயரைப் பிடித்தே பிளக்கைப் பிடுங்கினான்,
அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே.
கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள்
இயந்திரத்தைத் தள்ளிக் கதவை மூடினான்.

இரவு இரண்டரைக்கு
கம்பளி கருகும் வாசனை.
காகிதப் பைக்குள் கடுகளவு கங்கு
தூசியையும் உதிர்ந்த முடியையும் தின்று
கண் விழித்திருந்தது.

அவள்தான் முதலில் எழுந்தாள்.
அவன் கோட்டால் சுற்றி அள்ளி
வெறுங்காலோடு ஓடிப்
பனியில் எறிந்தாள்.
உஸ்ஸென்றது. பிறகும் புகைந்தது.

"சாம்பலுக்குத் தகர வாளி இருக்கிறது,
மூடி போட்டது.
மூன்று நாளாவது ஆறவிட்டு..."
"தெரியும்."
"தெரியாது, ஹெல்துர்."

ஏழாம் நாளின் முதல் பேச்சு அது.
கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது.
சிவந்திருந்தன அவள் பாதங்கள்.
குனிந்து தன் செருப்புகளைக் கழற்றி
அவள் முன் வைத்தான்.

பனியில் கிடந்த குழாய்
வாய் திறந்தபடி
வீட்டைப் பார்த்து நீண்டிருந்தது.