ஈன்றவள் பெயர்

சௌதார்க்ரோகுரில் மே மாதத்துக்கு இரவு கிடையாது.
பதினொன்றரை மணிக்கும் ஜன்னலில் வெயில்.
எழுத்து தெரிய வேண்டுமென்று
திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
மாவட்டத்துச் செம்மறிகள் அத்தனையும்
ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக வந்திருக்கின்றன,
நாற்பத்தோராயிரம் வரி.

என் நிரல் மேலிருந்து கீழே ஒருமுறைதான் போகும்,
திரும்பிப் பார்க்காது.
வளர்ப்பவர் என்று குறி திறந்தால்
ஒருவரைச் செய்து அடுக்கின் மேல் வை.
ஆடு திறந்தால் ஓர் ஆடு செய், அதற்கும் மேலே வை.
குட்டி வந்தால்
உச்சியில் யார் நிற்கிறாளோ அவளே தாய்.
மூடும் குறி கண்டால் உச்சியில் உள்ளதை எடு.
இவ்வளவுதான் விதிகள்.
செப்டம்பரில் மலையிறங்கும் மந்தையை
வட்டப் பட்டியில் நிறுத்தி
காதுவெட்டைப் பார்த்து, கொம்பைப் பிடித்து
அவரவர் அறைக்கு இழுத்துப் போகிறார்களே
அதே வேலைதான்.
அவர்களுக்கு இடையிடையே பிராந்தி உண்டு,
எனக்கு ஆறிய காப்பி.

பிறகு அலுவலகம் சொன்னது:
செத்ததற்கு மானியமில்லை, பட்டியலில் வேண்டாம்.
சேர்த்தேன் ஒரு வரி:
நிலை இறந்தது எனில்
பொருள் உருவாக்காதே.
சோதித்தேன், மூன்று ஆடுகளை வைத்து.
மூன்றும் உயிரோடிருந்தன.

வெள்ளிக்கிழமை தொலைபேசியில் ஸ்டெய்ன்வோர்.
"ஐம்பத்தெட்டு வயதில்
நான் குட்டி போட்டிருக்கிறேனாம், உன் தாள் சொல்கிறது.
கிடாக்குட்டி. நாலு கிலோ.
அதோடு என் ஆடுகளில் அறுபத்து மூன்றைக் காணோம்,
மாவட்டத்தின் பெயரில் நிற்கின்றனவாம்.
மாவட்டம் வந்து கொட்டில் அள்ளுமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.
நான் சிரிக்கவில்லை.
வரிவரியாய் இறங்கிப் போனேன்.
திறந்தது: ஆடு, எண் 0417, இறந்தது.
செய்யவில்லை, அடுக்கில் வைக்கவில்லை.
உள்ளே குட்டி.
தலை தூக்கி உச்சியைப் பார்த்திருக்கிறது,
அங்கே ஸ்டெய்ன்வோர்.
மூடியது: ஆடு.
வைக்காததை எடுக்கப் போன கை
அவளையே எடுத்து வெளியே போட்டது.
அடுத்து வந்த அறுபத்து மூன்றும்
யாருடையவை என்று கேட்டபோது
மிச்சமிருந்தது மாவட்டம் மட்டும்.

திறக்கும்போதே ஆம் இல்லை என்று
தனியாக ஒரு சீட்டு போட்டு வைத்தேன்.
மூடும்போது சீட்டைப் பார்த்த பிறகே கை நீளும்.
அறுபத்து மூன்றும் கொட்டில் திரும்பின.

குட்டி மட்டும் அப்படியே.
தாய்: ஸ்டெய்ன்வோர்.

"அதை அழித்துவிடவா?" என்று கேட்டேன்.
பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றுகிற சத்தம்.
"பனிக்காற்றில் ஈன்றாள், விடியவில்லை அவளுக்கு.
இது இந்த இயந்திரத்தின் சூட்டில் கிடந்தது,
மூன்று மணிக்கொரு புட்டி, பதினொரு நாள்.
உன் தாளில் அவ்வளவு பெரிய தப்பில்லை.
ஆனாலும் 0417 என்று எழுது.
நல்ல ஆடு அது. வேலி தாண்டும்."

அலுவலகம் வேண்டாம் என்கிறது, இவள் எழுது என்கிறாள்.
குட்டி உள்ளவளை வை, இல்லாதவளை விடு
என்று விதி எழுதிவிடலாம்தான்,
ஆனால் திறக்கும்போது தெரியாதே
உள்ளே குட்டி உண்டா என்று.
மூடும்வரை பொறுக்க வேண்டும்.
ஆகவே இப்போது
செத்தவளையும் செய்கிறேன்,
உச்சியில் நிறுத்துகிறேன்,
வருகிறதா என்று பார்க்கிறேன்.
எதுவும் வராமல் மூடினால் நழுவ விடுகிறேன்,
அப்படிப் போனவை இந்தக் கோப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு.
வந்தால் அவள் இருக்கிறாள்,
மானியக் கட்டத்தில் சுழியம்.

ஒன்றரை மணிக்கு ஓட்டினேன்.
பிழை இல்லை.
வெயில் வடக்கே கொஞ்சம் நகர்ந்திருந்தது.
காலையில் அவளிடமிருந்து குறுஞ்செய்தி:
எடையை மாற்று, ஒன்பது கிலோ.
பூட்ஸ் கயிறு ஒன்றைத் தின்றுவிட்டான்.