வந்த காரணம்

லாட்ஜ் பேரேட்டில் ஆறு கட்டங்கள்.
பெயர், ஊர், கூட வந்தவர், தேதி, அறை.
கடைசியில்: வந்த காரணம்.
எல்லா வருகைக்கும் வேர் வேட்கை என்பார் அப்பா.
நான் 'சிகிச்சை' என்று எழுதுவேன்.
இப்போதெல்லாம் மேலே ஒருமுறை எழுதிவிட்டுக்
கீழே பக்கம் முழுக்க 'மேற்படி'.

என் பெயர் சுத்தோதனன்.
பேரணாம்பட்டுத் தோல் ஷெட்டில் இருந்த அப்பா
பஞ்சசீலம் ஏற்ற வருடம் பிறந்தேன்.
மற்றவர்கள் மகனுக்குச் சித்தார்த்தன் என்று வைக்க
அவர் ஒரு தலைமுறை முந்திக்கொண்டார்.
வாத்தியார் அதைச் 'சுத்தம்' என்று சுருக்கி
வகுப்பைக் கூட்டச் சொன்னார்.

ராத்திரிச் சோற்றுக்குப் பின்
எட்டு விரல் மடக்கி எட்டு நெறி சொல்வார் அப்பா.
மறுகையின் முதல் விரல், நல்ல பிழைப்பு.
அங்கே கொஞ்சம் நிற்பார்.
எந்த சோப்புக்கும் போகாத வாடை
அந்த விரலிலும் இருந்தது.
"மாட்டை நான் கொல்லல" என்பார், யாரும் கேட்காமலே.
பிறகு ஆறாவதுக்குப் போவார்.
கட்டைவிரல்கள் கணக்கில் வராது.
சுண்ணாம்புக் குழி
அவற்றின் நகங்களை எப்போதோ தின்றிருந்தது.

பெயர்: பிரிஜ்மோகன் மாலாகார்.
கூட வந்தவர்: மனைவி, சுனைனா.
ஊர்: கயா.
பேனா நின்றது.
எந்தக் கயா என்றேன், என் லாட்ஜ் இந்தியில்.
ஒன்றுதானே இருக்கிறது என்று
பையிலிருந்து ஓர் அரசிலை எடுத்தார்.
நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, பிளாஸ்டிக் உறைக்குள்.
கோயில் வாசலில் அதுதான் வியாபாரம்.
பறித்ததில்லை, தானாக விழுந்தது என்று
ஜப்பான்காரரிடம் சொல்வதை என்னிடமும் சொன்னார்.

அங்கிருந்து ஒரு சேதி தெற்கே நடந்துவர
சில நூறு வருடம் ஆகியிருக்கும்.
இவர்களுக்கு இரண்டு ராத்திரி, காட்பாடி வரை,
கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்து.
"அந்த மரத்தடியில்..." என்று தொடங்கினேன்.
"ரூமில் ஸ்டவ் வைக்கலாமா?" என்றார்.

முப்பத்தொன்பது நாள்.
மாடி முழுக்கக் கடுகெண்ணெய்ப் புகை.
சாவு தொடாத வீட்டில் ஒரு பிடி கடுகு கேட்டு
ஊரெல்லாம் அலைந்த தாயை அப்பா சொல்லியிருக்கிறார்.
இங்கே அலைய வேண்டாம்.
எல்லா அறையிலும் கடுகு உண்டு.
மற்றதும் உண்டு.

என் மகன் தினகர்.
தாத்தா ஆசைப்பட்ட பெயரை வைக்கப் பயந்தேன்,
வீட்டை விட்டுப் போய்விடுவானோ என்று.
பள்ளி விட்டதும் கவுண்டருக்கு வருவான்.
சுனைனா அவனுக்கு எள் மிட்டாய் தருவாள்,
இந்தியில் எண்ணக் கற்றுத்தருவாள்.
படியிறங்கும் ஸ்ட்ரெச்சர் கண்ணில் படாதிருக்க
அவன் நாற்காலியைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன்.
கதையில் என் பெயர்க்காரனும் இதைத்தான் செய்தான்.
அவனிடம் மூன்று மாளிகை.
என்னிடம் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி.

நாற்பதாம் நாள் பாலாற்றங்கரையில் எரித்தோம்.
மணல்தான் ஆறு. தண்ணீர் அடியில் எங்கோ.
எங்கள் பல்குவும் இப்படித்தான், தோண்டினால்தான் நீர் என்று
கையால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தார் பிரிஜ்மோகன்.
இறந்தவர்களுக்குக் கடன் தீர்க்க
நாடே அவர் ஊருக்குப் போகிறது.
அவர் ஒரு மண்குடுவையோடு ஊர் திரும்பினார்.
பதினான்காம் அறையில் அரை பாட்டில் எண்ணெய் மிச்சம்.

"அத்தை எங்கப்பா?"
ஊருக்குப் போயிட்டாங்க என்பது
நாக்கு நுனியில் தயாராக இருந்தது.
மேஜைக்கடியில் என் மூன்றாம் விரல்,
நல்ல பேச்சு,
தானாக மடங்கியது.
"செத்துட்டாங்கடா."

அழவில்லை.
இறங்கி, நாற்காலியை இழுத்து
வாசல் பார்க்கத் திருப்பிப் போட்டான்.
வெளியே ஓர் ஆட்டோவிலிருந்து
யாரையோ கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
நெடுநேரம் பார்த்தான்.
பிறகு கேட்டான்,
"முப்பது வரைக்கும்தான் சொல்லித் தந்தாங்க.
அடுத்தது என்ன?"