இடையிசை

நன்மை எடுக்க வரிசை நகர்கிறது.
பாடகர் குழு மூச்சு வாங்கும் நேரம்
கீபோர்டில் என் வலக்கை தானாகப் போய்
ஒரு சினிமாப் பாட்டின் நடுத்துண்டில் விழுந்தது.
குழல் மட்டும் வரும் இடம்.
வார்த்தை இல்லையே,
குறும்பனையில் யாருக்குத் தெரியும்?

நாக்கில் அப்பத்தோடு
அப்படியே நின்றுவிட்டாள் ஃபுளோரன்ஸ்.

பிறகுதான் உறைத்தது:
ததேயு கொச்சியில் கரைபிடித்ததும்
அவள் போனில் அடிக்கும் மணி அது.
புயலுக்கு அப்புறம் வள்ளம் வந்தது, பாதி.
மணி வரவில்லை.

வரிசை காத்தது. சாமியாரும்.
கையை எடுத்திருக்கலாம்.
இன்னொரு தடவை வாசித்தேன்,
இம்முறை தெரிந்தே, மெதுவாக.

பூசை முடிந்து
செருப்புத் தேடும் சாக்கில் குனிந்து,
"ரெண்டாவது அடிச்சப்போ
எடுத்துட்டேன் மக்கா" என்றாள்.

என்ன பேசினான் என்று
நான் கேட்கவில்லை.