வெறும் லோரியின் எடை

சிலிம் ரிவர் ஆலையில் என் எடைமேடைக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
ஒரு சேவல் ஏறி நின்றாலும்
ஒரு கைக்குழந்தையைக் கிடத்தினாலும்
அதற்கு ஒன்றும் நடந்திருக்காது.

செம்பனைக் குலைகளோடு லோரி உள்ளே வரும், ஒரு எண்.
கொட்டிவிட்டு வெளியே போகும், இன்னொரு எண்.
கழித்தால் பழம்.
இரண்டு தடவையும் பரஞ்சோதி உள்ளேதான் உட்கார்ந்திருப்பார்.
வீட்டில் என்னோடு பேசாத நாட்களில்கூட
சன்னல் வழியே சீட்டுக்குக் கை நீட்டி
"கிராணியம்மா, சரியா நிறுத்தீங்களா?" என்பார்.

தைப்பூசத்துக்கு முன்னால் வெறும் லோரி 6340.
பள்ளி விடுமுறைக்குள் 6330.
டீசல் குறைவு என்று எழுதிவைத்தேன்.
6320 ஆனபோது
உபரி டயரை எவனோ கழற்றிவிட்டான் என்று
இறங்கிப்போய்க் குனிந்து பார்த்தேன்.
டயர் இருந்தது. ஜாக்கி, தார்ப்பாய், கொக்கிக் கம்பி,
கண்ணாடியில் ஒட்டிய முருகன், எல்லாம் இருந்தன.
நிமிர்ந்தபோது அவர் பெல்ட்,
அதில் ஆணியால் குத்திய மூன்றாவது ஓட்டை.

கணக்கு மட்டும் பிசகவே இல்லை.
வரும்போதும் போகும்போதும் ஒரே அளவு குறைந்திருந்தவர்
கழித்தலில் காணாமல் போயிருந்தார்.

டாக்டர் ஷாஹிரா மலாயில் 'சூசுட்' என்றார்,
துவைத்த சட்டைக்குச் சொல்வது.
சீட்டில் எழுதியது வேறு: கேக்கெக்ஸியா.
"காக்காய்க்குப் பேர் வச்ச மாதிரி இருக்கு"
என்றார் இவர்.

இரவு கைப்பேசியில் எழுத்தெழுத்தாகத் தட்டினேன்.
கிரேக்கச் சொல்லாம். காக்கோஸ், கெட்ட.
ஹெக்ஸிஸ், நிலை. அதற்கும் அடியில் ஒரு வினை,
வைத்திருத்தல், பிடித்துக்கொண்டிருத்தல்.
எலும்புருக்கி என்று நம்மிடம் ஒன்று உண்டு,
அதில் ஒரு அடுப்பாவது எரிகிறது.
இதில் யாரும் எதையும் உருக்குவதில்லை.
சோறு போகிறது, பால் போகிறது,
வாங்கியதை வைத்துக்கொள்ள உடம்புக்குத் தெரியவில்லை,
சம்பளத்தன்று மாலையே கை காலியாகும்
அவர் தம்பி மாதிரி.

மேடைக்கு வருமுன் ஒன்பது வருடம் ஸ்டோரில் இருந்தவள் நான்.
உரம் இருப்பு, டீசல் இருப்பு, கையுறை இருப்பு.
அந்தக் கட்டத்தில் போடவேண்டிய சொல்தான் இது.

"கெட்ட இருப்பு" என்றேன்.
"அப்படின்னா?"
"ஸ்டாக் சரியில்லை."
சிரித்தார். சிரிப்பு இருமலாகவில்லை, அது வேறு வியாதி.
கஞ்சியை நான்காவது கரண்டியில் நகர்த்திவைத்தார்.
எனக்குத்தான் விடியும்வரை இருப்புக் கொள்ளவில்லை.

புதன்கிழமை அதே லோரியை அஸ்ருல் என்கிற பையன் ஓட்டிவந்தான்.
நல்ல வாட்டசாட்டம், வாயில் கச்சான்.
கொட்டிவிட்டுத் திரும்பி மேடையில் ஏறினான்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தள்ளாடி நின்றன.
6340.

பின்னால் மூன்று லோரிகள் ஹார்ன் அடித்தன.
என் விரல் பொத்தான்மேல் இருந்தது.
சன்னல் வழியே கை நீட்டி
"காக், சீட்டு" என்றான்.