உள்பக்கத் தாழ்ப்பாள்

தவணை லீவு விட்டால் நாங்கள் ஊரில் நிற்பதில்லை.
மன்னார், மூதூர், பொத்துவில்,
ஒருமுறை பருத்தித்துறை முனைவரை.
பதினொரு வருஷம் பஸ்ஸிலும்
தயாபரனின் ஸ்கூல் வேனிலும் சுற்றியதில்
எனக்கு மனப்பாடமான வரைபடம் வேறு:
எந்தப் பெட்ரோல் செட்டில் திறப்பு கேட்டு வாங்கவேண்டும்,
எந்தக் கோயில் பின்புறத்தில் கதவே இல்லை,
மாங்குளம் போய்ச் சேரும்வரை
எத்தனை மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கக்கூடாது.

வாகனம் பார்க்கப் புறப்பட்ட அன்று
அவர் எழுதிய பட்டியலில்
எஞ்சின், டயர், லீசிங் வட்டி, பிரேக்குக்கு இரண்டு கோடு.
நான் எழுதியது ஒன்றுதான்.
ஒரு கதவு, அதற்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள்.

முதலில் வெலிமடையில் ஒரு ரோசா பஸ்.
சீட்டைக் கழற்றினால்
கை வீசி நடக்கலாம், கல்யாணமே வைக்கலாம்.
ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தோம்.
எங்கள் தோட்ட ரோட்டின் கொண்டை வளைவில்
முன்னே எடுத்து, பின்னே எடுத்து,
மறுபடி முன்னே எடுத்தபோது
பின்னால் நின்ற கொழுந்து லொறிக்காரன்
எங்கள் பரம்பரையை ஒவ்வொருவராக விசாரித்தான்.

அடுத்தது ஹற்றனில் ஒரு டொல்பின்.
விற்பவரின் முற்றத்தில், எல்லாரும் பார்க்க,
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன்.
ஐந்தடி ஏழு அங்குலம் நான். முழங்கால் மடங்கியது.
குறுக்காகப் படுத்துப் பாருங்க டீச்சர் என்றார்கள்.
மூலைவிட்டம் போதும் என்றது கணக்கு.
அப்போது அவர் எங்கே படுப்பார் என்று
கணக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"ஓடுற சாமானுக்கு இம்புட்டுக் காசா?
ஒரு துண்டு காணி வாங்கிப் போடலாமே"
என்றார் பக்கத்து வீட்டு சில்வெஸ்டர் அண்ணன்.
கார்த்திகை மழையில் எதிர்மலை இறங்கிவந்து
கீழ்ரோட்டில் படுத்துக்கொண்ட ஊர் இது.
"காணியும் ஓடுதே அண்ணே" என்றேன்.
அவர் வெற்றிலையை மறுபக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

மூன்றாவதை நாங்கள் தேடிப் போகவில்லை.
நானுஓயாவில் வேனுக்கு பெல்ட் மாற்றக் காத்திருந்தபோது
கராஜின் கடைசியில், தொட்டாச்சிணுங்கி ஏறி,
நீர்கொழும்பு மீன் ஏற்றிய குளிர்ப்பெட்டி லொறி.
"இதுக்குள்ள ஆக்கள் படுக்கிறதா?"
ஜிஃப்ரி நானாவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.
நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன்.
நான்கு அங்குலத் தடிப்பு.
குளிரை உள்ளே பூட்டிவைத்த சுவர்
குளிரை வெளியே நிறுத்தாதா என்ன?
தைமாதத்து நுவரெலியாவை நினைத்துக்கொண்டேன்.
நாற்றம்தான்.
பாரையும் சூரையும் பத்து வருஷம் ஊறிய நாற்றம்.
கரி வைத்தோம், எலுமிச்சை தேய்த்தோம்,
தொழிற்சாலையில் கழித்த தூளை மூட்டையாய்க் கொட்டினோம்.
மூன்று வாரத்தில் அது
தேத்தண்ணி குடித்த மீன்போல மணத்தது.
போகட்டும், எப்படியும் கடலுக்குத்தானே போகிறோம்.
அந்த லொறிக்கு வழி தெரியும்.

சக்கரத்துக்கு அண்டை வைக்க இரண்டு கல் பொறுக்கினோம்.
இந்த மலையில் சமமாய்க் கிடப்பது
நீர்த்தேக்கத்துத் தண்ணீர் மட்டும்.
தலை மேட்டுப்பக்கம், கால் பள்ளத்துப்பக்கம்
என்பதில் சண்டை வந்து தீர்ந்தது.

கதவில் ஒரு சங்கடம்.
மீனுக்கு எதற்கு என்று விட்டிருந்தார்கள்:
வெளியில் மட்டும்தான் பூட்டு.
ஒட்டுவேலை செய்யும் பியதிஸ்ஸவிடம்
உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன்.
உள்ளேயா என்று சிங்களத்தில் இரண்டுதரம் கேட்டுவிட்டு
ஒரு சாண் நீளத்தில் இரும்பு அடித்துப் பொருத்தினார்.

அது ஆறும்வரை பொறுக்க முடியவில்லை.
ஏறினேன். இழுத்துச் சாத்தினேன். போட்டேன்.
எட்டுப் பேர் இருந்த லயக் காம்பராவில்
சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்து
உடுப்பு மாற்றப் பழகியவள் நான்.
இருட்டு. லேசாய்க் கடல்.
மழை தொடங்கியிருக்கவேண்டும்,
நான்கு அங்குலத்துக்கு அப்பால்.

யாரோ தட்டினார்கள், அவராகத்தான் இருக்கும்.
"ஆள் இருக்கு" என்றேன்.